நம்ம ஃபைலை யாரெல்லாம் பார்க்கலாம்? - ஹைட் என்ற ஊரின் கதை

மென்பொருள் துறையில் ஆணி புடுங்குற எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சமாச்சாரம், ஆடிட் லாக். டேட்டாபேஸில் யார் எதை எப்போ மாத்தினாங்க, பழைய மதிப்பு என்ன, புது மதிப்பு என்ன என்று ஓரமாக எழுதி வைக்கும் ஒரு டேபிள். எழுதும்போது சலிப்பா இருக்கும். பயனர் யாரும் அதைப் பார்க்கவே மாட்டார். "இது எதுக்குப்பா?" என்று நானே பலமுறை புலம்பியிருக்கேன்.

அப்படி ஒரு லாக் ஒரு கொலைகாரனைப் பிடிக்க உதவிய கதையைப் படித்த பிறகு புலம்புவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கதையில் இருந்து ஆரம்பித்து, நோயாளியின் மருத்துவக் குறிப்பை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று டாக்டர்களும் நோயாளிகளும் நூறு வருஷமா என்ன நினைச்சாங்க என்பதைத் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

பழுப்பு உறை

நம்ம ஊர்ல டாக்டர்கிட்ட போனா சீட்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் நம்ம கையிலதான் இருக்கும். மஞ்சப்பையில போட்டு பீரோ மேல வச்சிருப்போம். அடுத்த தடவை போகும்போது அதைத் தூக்கிட்டுப் போவோம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொருத்தரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜி.பி. என்று சொல்வார்கள். பிறந்ததில் இருந்து சாகும்வரை உள்ள மருத்துவக் குறிப்பு முழுக்க அவரிடம்தான் இருக்கும்.

இதற்கு அடித்தளம் 1911-ல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம். அதைக் கொண்டுவந்தவர் அப்போதைய நிதியமைச்சர் டேவிட் லாயிட் ஜார்ஜ். அந்தத் திட்டத்தில்தான் நோயாளிகளின் குறிப்புகளை ஒரு சின்ன உறைக்குள் போட்டு வைக்கும் பழக்கம் வந்தது. இன்னைக்கும் அதுக்குப் பேரே லாயிட் ஜார்ஜ் உறைதான். 1948-ல் என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவை வந்தபோதும் அதே உறை தொடர்ந்தது. நோயாளி ஊர் மாறினால் உறையும் புது டாக்டரிடம் போய்விடும்.

வேடிக்கை என்னன்னா, அந்த உறை நோயாளி பின்னாடியே வாழ்நாள் முழுக்கப் போகும், ஆனா அவரால் அதைப் பிரிச்சுப் பார்க்க முடியாது. சட்டப்படி அது அரசாங்கத்தின் சொத்து. டாக்டர்கள் அதை ஒரு தலைமுறையில் இருந்து இன்னொரு தலைமுறைக்குத் தங்களுக்குள்ளேயே எழுதிக்கொண்ட குறிப்பாகத்தான் பார்த்தார்கள். தங்களுக்குள் என்றால் கொஞ்சம் சுதந்திரமாகத்தானே எழுதுவார்கள்? 1988-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. திரும்பத் திரும்ப வந்து, பார்த்தாலே டாக்டரின் மனசைச் சோர்ந்து போக வைக்கிற நோயாளிகளைப் பற்றி. 'ஹார்ட்சிங்க் பேஷண்ட்' என்ற சொல் அதற்குப் பிறகு டாக்டர்கள் நடுவே ரொம்பவே புழங்கியது. உங்க உறைக்குள்ளே உங்களைப் பத்தி அப்படி எழுதியிருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? உங்க கையில கொடுக்க அவங்களுக்கு எப்படி இருக்கும்?

அப்புறம் சட்டம் வந்தது, அதுவும் தலைகீழாக. 1984-ன் தகவல் பாதுகாப்புச் சட்டம் கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்தது. மருத்துவத் தகவலுக்குச் சில விதிவிலக்குகளோடு 1987-ல் இருந்து நடைமுறை. ஆக, கம்ப்யூட்டரில் தட்டினதைப் பார்க்கலாம், காகிதத்தில் எழுதினதைப் பார்க்க முடியாது! காகிதத்துக்கும் உரிமை கொடுத்த சட்டம் 1990-ல் நிறைவேறி, 1991 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதிலும் அந்தத் தேதிக்குப் பிறகு எழுதப்பட்ட குறிப்புகளுக்கு மட்டும்தான் அடிப்படை உரிமை.

உரிமை வந்தாச்சு. ஆனா எழுதிக் கேட்கணும், காத்திருக்கணும், பல சமயம் கட்டணமும் கட்டணும். பெரும்பாலானோர் கேட்கவே இல்லை. டாக்டர் மேல நம்பிக்கை இருந்தது. எதுக்குக் கேட்கணும்?

ஹைட்

மான்செஸ்டருக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் சின்ன ஊர் ஹைட். அங்கே மார்க்கெட் தெருவில் தனியாக க்ளினிக் நடத்திவந்தார் டாக்டர் ஹெரால்ட் ஷிப்மன். ஊரில் நல்ல பேர். வீட்டுக்கே வந்து பார்ப்பார், பொறுமையா பேசுவார் என்று வயசானவர்கள் கொண்டாடினார்கள்.

1998 ஜூனில் அவருடைய நோயாளியான 81 வயது மூதாட்டி ஒருவர் திடீரென்று இறந்தார். சொத்து முழுக்க டாக்டருக்கு எழுதி வைத்ததாக ஒரு உயில் வந்தது. சுமார் 3,86,000 பவுண்டு. இறந்தவரின் மகள் ஒரு வழக்கறிஞர். உயிலைப் பார்த்ததுமே போலி என்று அவருக்குப் பட்டது. போலீஸுக்குப் போனார். உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தபோது டயாமார்ஃபின் இருந்தது. மருத்துவ உபயோகத்துக்கான ஹெராயின்தான் அது. செப்டம்பரில் ஷிப்மன் கைது.

போலீஸ் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போனது. அதுக்குள்ளேதான் நம்ம ஆடிட் லாக்.

வேறொரு பெண் 1998 மே மாதத்தில் இறந்திருந்தார். அவருடைய குறிப்பில், இறப்பதற்குப் பத்து மாசத்துக்கு முந்தின தேதியில் நெஞ்சுவலி என்று ஒரு பதிவு. பார்த்தால், சரி, இதய நோயாளி, இறந்துட்டாங்க என்று தோன்றும். ஆனால் அந்த வரி உண்மையில் எப்போ தட்டப்பட்டது என்று மென்பொருள் தனியாக எழுதி வைத்திருந்தது. அவர் இறந்த அதே நாள் பிற்பகல். கொலை பண்ணிட்டு, க்ளினிக்குக்கு வந்து, பழைய தேதி போட்டு ஒரு நோயை உருவாக்கியிருக்கிறார். விசாரணையில் இதைக் காட்டிக் கேட்டபோது தனக்கு ஞாபகமில்லை என்றார். திரையில் தெரியும் தேதிக்கு அடியில் இன்னொரு தேதி இருக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

2000 ஜனவரி 31 அன்று 15 கொலைகளுக்காகத் தண்டனை. அதன்பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணை, 2002-ல் வெளியிட்ட முதல் அறிக்கையில் 215 பேர் அவரால் கொல்லப்பட்டதாகச் சொன்னது. 2005-ல் வந்த இறுதி அறிக்கையில் எண்ணிக்கை சுமார் 250. அதுக்கு முந்தின வருஷமே, 2004 ஜனவரியில், ஷிப்மன் சிறையில் தூக்கு மாட்டிக்கொண்டு இறந்திருந்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. லாக் உண்மையைச் சொன்னது சரி. ஆனா யாரிடம் சொன்னது? போலீஸிடம். அதுவும் எல்லாம் முடிஞ்ச பிறகு. அந்தக் குறிப்பின் ஒரு நகல் நோயாளியின் வீட்டில், நம்ம பீரோ மேல இருக்கிற மஞ்சப்பை மாதிரி, இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது உயிரைக் காப்பாத்தியிருக்கும் என்று சொல்லவரலை. ஆனால் "எங்கம்மாவுக்கு நெஞ்சுவலியே வந்ததில்லையே, இதுல எப்படி?" என்று முதல் குடும்பத்திலேயே யாராவது கேட்டிருக்க முடியும். குறிப்பைப் பார்க்க ஒரே ஒரு ஜோடிக் கண்தான் இருந்தது. அதுவும் எழுதினவனின் கண்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்

ஷிப்மனுக்குப் பிறகு அந்த க்ளினிக்கை ஏற்றுக்கொண்டவர் டாக்டர் அமீர் ஹன்னான். யோசிச்சுப் பாருங்க. உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அம்மாவோ, பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாரோ ஒருத்தர் அந்த நாற்காலியில் இருந்தவனால் செத்துப் போயிருக்கலாம். "என்னை நம்புங்க" என்று சொல்ல முடியுமா? முன்னாடி இருந்தவனையும்தான் நம்பினாங்க.

ஹன்னான் செய்த காரியம், நோயாளிகளின் எலெக்ட்ரானிக் குறிப்புகளை அவர்களுக்கே திறந்துவிட்டதுதான். 2000-களின் நடுவில் இருந்து, ஹைட்டில் அவர் இருந்த ஹாட்டன் தார்ன்லி மெடிக்கல் சென்டரில், நோயாளிகள் வீட்டில் இருந்தே இணையம் வழியாகத் தங்கள் குறிப்பைப் படிக்க முடிந்தது. டாக்டர் என்ன எழுதினார், பரிசோதனை முடிவு என்ன, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து என்ன கடிதம் வந்தது என்று எல்லாம். ஆயிரக்கணக்கான பேர் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

இதை நான் டெக்னாலஜி வெற்றிக் கதையா சொல்லலை. ஏன்னா கிட்டத்தட்ட அதே காலத்தில், அதே நாட்டில், அரசாங்கமே இதே மாதிரி ஒண்ணு செஞ்சு படு தோல்வி அடைந்தது. பேர் ஹெல்த்ஸ்பேஸ். நோயாளிகள் தங்கள் சுருக்கக் குறிப்பைப் பார்க்கும் தளம். 2007-க்கும் 2010 அக்டோபருக்கும் நடுவே இதன் முழு வசதியையும் பெறும் கணக்கைத் திறந்தவர்கள் 2,913 பேர். அழைப்பு போனவர்களில் 0.13 சதவீதம்! எதிர்பார்த்தது 5 முதல் 10 சதவீதம். ட்ரிஷா க்ரீன்ஹால் என்ற பேராசிரியரும் சகாக்களும் இதை ஆராய்ந்து 2010-ல் எழுதினார்கள். 2012-ல் கடையைச் சாத்திட்டாங்க.

வித்தியாசம் என்ன? ஹெல்த்ஸ்பேஸ் அரசாங்கத்திடம் இருந்து தபாலில் வந்தது. ஹைட்டில் அழைத்தது நேரில் பார்க்கிற டாக்டர். "நான் எழுதினதைப் படி, தப்பு இருந்தா சொல்லு" என்று எழுதினவரே சொல்வதற்கும், "இதோ லாகின், பாஸ்வேர்ட்" என்று யாரோ சொல்வதற்கும் இருக்கும் வித்தியாசம்.

டாக்டர்களின் பயம்

சரி, மற்ற டாக்டர்கள் ஏன் தயங்கினார்கள்? அவர்களை வில்லனாக்குவது சுலபம். ஆனா அவங்க பயத்துக்குக் காரணம் இருந்தது. நோயாளி படிச்சா பயப்படுவார். புரியாம குழம்புவார். கேள்வி கேட்டு ஃபோன் பண்ணிட்டே இருப்பார். நாமளும் மனசுல பட்டதை எழுத முடியாது. "புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகம்" என்று எழுதுவதற்குக்கூடக் கை நடுங்கும்.

இந்தப் பயத்தை ஒழுங்காகப் பரிசோதித்துப் பார்த்தது அமெரிக்காவில். அங்கே இந்தச் சண்டை பழசு. 1973-லேயே ஷென்கின், வார்னர் என்ற இருவர் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில், முழுக் குறிப்பின் நகலையும் நோயாளிக்குத் தானாகவே கொடுத்துவிட வேண்டும் என்று எழுதினார்கள். 1980-ல் அதே இதழில், தன் குறிப்பைப் படிக்கக் கேட்கும் நோயாளிகளின் மனநிலையை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. கேட்டதே ஒரு வியாதி என்கிற மாதிரி :-)

1996-ல் சைன்ஃபெல்ட் என்ற பிரபலமான தொலைக்காட்சித் தொடரில் எலைன் என்ற பெண் பாத்திரம் தன் குறிப்பை எட்டிப் பார்க்கும். 'தொல்லை பிடித்தவர்' என்கிற மாதிரி எழுதியிருக்கும். அதை அழிக்கச் சொல்லிக் கேட்டால், கேட்டதையும் சேர்த்து எழுதுவார்கள். ஊரே சிரித்தது. எல்லாருக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால்தானே சிரிப்பு வந்தது.

2010-ல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாம் டெல்பாங்கோ என்ற டாக்டரும் ஜான் வாக்கர் என்ற செவிலிய ஆய்வாளரும் ஓப்பன்நோட்ஸ் என்ற சோதனையைத் தொடங்கினார்கள். பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் என்று மூன்று இடங்கள். தாமாக முன்வந்த 105 டாக்டர்கள். ஒரு வருஷம் அவர்கள் எழுதும் குறிப்பு எல்லாம் நோயாளிக்குத் திறந்திருக்கும்.

தொடங்கும் முன் இருதரப்பிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இதனால் நோயாளிகளின் கவலை கூடுமா? சோதனையில் சேர மறுத்த டாக்டர்களில் 88 முதல் 92 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். சேர்ந்த டாக்டர்களிலேயே பாதிக்கு மேல் ஆமாம். நோயாளிகளில்? வெறும் 12 முதல் 16 சதவீதம். (இடத்துக்கு இடம் எண் மாறுவதால் இப்படி இரண்டு எண்.)

2012 அக்டோபரில் முடிவு வந்தது. குறிப்பு எழுதப்பட்டிருந்த 13,564 நோயாளிகளில் 11,797 பேர் ஒரு முறையாவது திறந்து படித்திருந்தார்கள். படித்ததால் கவலை, குழப்பம் அல்லது மனவருத்தம் என்று சொன்னவர்கள் 1 முதல் 8 சதவீதம். மருந்து சாப்பிடுபவர்களில் 60 சதவீதத்துக்கு மேல், இப்போ ஒழுங்கா மருந்து சாப்பிடுறேன் என்றார்கள். டாக்டர்களுக்கு வரும் மின்னஞ்சல் கூடவில்லை. வருஷம் முடிந்ததும், இனி வேண்டாம் என்று நிறுத்திக்கொண்ட டாக்டர் ஒருத்தர்கூட இல்லை. எழுத்தை மாற்றிக்கொண்டதாக ஒரு பகுதி டாக்டர்கள் ஒப்புக்கொண்டார்கள். அது கெட்டதா நல்லதா என்பது நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவில் பிறகு இது சட்டமாகவே ஆனது. 2016-ல் நிறைவேறிய சட்டத்தின் விதிகள் 2021 ஏப்ரல் 5 முதல் அமல். பரிசோதனை முடிவு டாக்டர் பார்க்கும் முன்னாலேயே நோயாளியின் ஃபோனுக்கு வந்துவிடலாம். 2023-ல் வெளியான ஒரு ஆய்வில் 8,139 பேரைக் கேட்டார்கள். கிட்டத்தட்ட 96 சதவீதம் பேர் உடனே வேண்டும் என்றார்கள். ஆனால் முடிவு சரியில்லாமல் வந்தவர்களில் 16.5 சதவீதம் பேருக்குத் தனியாகப் படித்ததால் கவலை கூடியது. ஆக, டாக்டர்களின் பயம் முழுப் பொய்யும் இல்லை. அளவுதான் தப்பு.

நோயாளிகளின் பயம்

இவ்வளவு நேரம் சொன்னது குறிப்பு டாக்டரிடம் இருந்து நோயாளிக்கு வரும் பாதை. நோயாளியின் பயம் இந்தப் பாதையில் இல்லவே இல்லை. என் குறிப்பு டாக்டரைத் தாண்டி வெளியே வேற யாருக்கோ போகுதே, அங்கேதான் அவர் பயம்.

அதே ஓப்பன்நோட்ஸ் கணக்கிலேயே இது தெரிகிறது. 26 முதல் 36 சதவீதம் நோயாளிகளுக்கு அந்தரங்கம் பற்றிக் கவலை இருந்தது. அதே நேரம் 20 முதல் 42 சதவீதம் பேர் தங்கள் குறிப்பைத் தாங்களே மனைவி, பிள்ளை என்று யாரிடமாவது காட்டியிருக்கிறார்கள். நான் காட்டுறது வேற, நீ காட்டுறது வேற!

"பேரை எடுத்துட்டுத்தான் கொடுக்குறோம், கவலைப்படாதீங்க" என்பது எல்லா அரசாங்கமும் சொல்வது. அதுக்குப் பதில் ஓப்பன்நோட்ஸ் பிறந்த அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1997-லேயே வந்துவிட்டது. மாநில அரசு ஊழியர்களின் மருத்துவத் தகவலைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அந்தரங்கம் பத்திரம் என்று கவர்னர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த லதான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலர் கொடுத்து கேம்ப்ரிட்ஜ் ஊர் வாக்காளர் பட்டியலை வாங்கினார். கவர்னரின் பிறந்த தேதி உள்ளவர்கள் ஆறு பேர். அதில் மூணு பேர் ஆண்கள். அவருடைய அஞ்சல் எண்ணில் ஒரே ஒருத்தர். கவர்னரின் மருத்துவக் குறிப்பைக் கவர்னர் அலுவலகத்துக்கே அனுப்பி வைத்தார். ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணத் தெரிஞ்ச நம்ம ஆளுங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போ திரும்ப இங்கிலாந்து. 2014 ஜனவரியில் 2.65 கோடி வீடுகளுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் போனது. கேர்.டேட்டா என்ற திட்டத்துக்காக. குடும்ப டாக்டர்களிடம் இருக்கும் குறிப்புகளை ஒரே மையத்தில் சேர்த்து ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் பயன்படுத்துவது. நோக்கம் நல்லது. புது மருந்தின் பக்கவிளைவைக் கண்டுபிடிக்க, எந்த ஆஸ்பத்திரியில் சாவு அதிகம் என்று பார்க்க, இப்படிச் சேர்த்த தகவல் வேணும்தான். ஆனா வேண்டாம் என்பவர்கள் தாங்களாகத்தான் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பிரசுரத்தோடு அதுக்கு ஒரு படிவம்கூட இல்லை. பீட்சா விளம்பரத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போனதாகப் பலர் சொன்னார்கள்.

பிப்ரவரியில் ஒரு செய்தி வெடித்தது. 4.7 கோடி நோயாளிகளின் ஆஸ்பத்திரித் தகவல் முன்பே காப்பீட்டுத் துறைக் கணிப்பாளர்களின் சங்கம் ஒன்றுக்கு விற்கப்பட்டிருந்தது. காப்பீட்டுத் தவணையைத் துல்லியமாகக் கணக்கிட அது பயன்பட்டது. முடிஞ்சது கதை. திட்டம் ஒத்திவைக்கப்பட்டது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விலகினார்கள், 2016 ஜூலையில் மூடுவிழா.

பாடம் கத்துக்கிட்டாங்களா? 2021-ல் வேறு பெயரில் கிட்டத்தட்ட அதே திட்டம். மே மாதம் அறிவித்து, ஜூன் 23-க்குள் விலகிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு மாசத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விலகினார்கள். ஜூலையில் காலவரையின்றி ஒத்திவைப்பு.

இதில் டாக்டர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? நோயாளிகள் பக்கம். 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குடும்ப டாக்டர், என் நோயாளிகளாகக் கேட்டாலொழிய யாருடைய தகவலையும் தரமாட்டேன் என்று அறிவித்தார். 2021-ல் லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி டாக்டர்கள் சேர்ந்து தரமாட்டோம் என்றார்கள்.

அதே இங்கிலாந்தில், அடுத்த வருஷமே, என்.எச்.எஸ். செயலி மூலம் புதிய குறிப்புகளை நோயாளிகள் தானாகவே படிக்கலாம் என்று 2022 நவம்பரில் திறக்கப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் எதிர்த்தது. தள்ளித் தள்ளி, 2023 அக்டோபர் 31 கடைசித் தேதி என்று ஒப்பந்தத்தில் எழுதித்தான் நடந்தது.

ரெண்டு எதிர்ப்பையும் ஒரே தராசில் போடக் கூடாதுதான். 2022-ல் டாக்டர்கள் சொன்ன ஒரு காரணம் என்னை யோசிக்க வைத்தது. வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் டாக்டரிடம் ரகசியமாகச் சொல்கிறாள். டாக்டர் எழுதுகிறார். அது அவள் ஃபோனில் தெரிகிறது. அந்த ஃபோனின் பாஸ்வேர்ட் புருஷனுக்குத் தெரியும். இங்கே நோயாளிக்குத் திறப்பதும் வெளியாளுக்குத் திறப்பதும் ஒண்ணாகிவிடுகிறது. டிஃபால்ட் மதிப்பு வைக்கும்போது இந்தப் பொண்ணை நம்மில் எத்தனை பேர் நினைச்சுப் பார்ப்போம்?

கடைசியா

இவ்வளவும் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். பகிரலாமா வேண்டாமா என்று இவர்கள் சண்டை போட்டதாக நினைத்துத்தான் படிக்க ஆரம்பிச்சேன். உண்மையில் டாக்டர் ஒரு திசையைப் பார்த்துப் பயந்தார், நோயாளி இன்னொரு திசையைப் பார்த்துப் பயந்தார். நோயாளிக்குத் திறக்க வேண்டிய நேரத்தில் அரசாங்கம் மையத்துக்கு அள்ளப் பார்த்தது. அள்ளும்போது கேட்கவில்லை. அதனால் நல்ல ஆராய்ச்சிக்கும் சேர்த்தே கதவு சாத்தப்பட்டது.

எஸ்டோனியாவில் 2008-ல் இருந்து நாடு முழுக்க ஒரே மருத்துவத் தகவல் அமைப்பு இருக்கிறது. அங்கே நோயாளி தன் குறிப்பை மட்டும் இல்லை, அதை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியலையும் பார்க்கலாம். வேண்டாம் என்றால் டாக்டர்களிடம் இருந்தே மறைக்கவும் செய்யலாம். அதாவது, நான் சலிச்சுக்கிட்டே எழுதுற ஆடிட் லாகை, யாரைப் பத்தின தகவலோ அவர் கையிலேயே கொடுத்துட்டாங்க. ஹைட்டில் போலீஸ் மட்டும் பார்த்த மாதிரியான ஒரு லாகை அங்கே நோயாளியே பார்க்கலாம்.

ஹன்னானிடம் அந்த ஊர் எதிர்பார்த்ததும் இதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நல்லவராக இருங்கள் என்பதைவிட, நீங்க எழுதுறதை நாங்களும் பார்க்கிற மாதிரி எழுதுங்க என்பது.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. மருத்துவத் துறையில் இருக்கும் பதிவர்கள் தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் குட்டலாம். மற்றவர்கள், உங்க மஞ்சப்பை பீரோ மேல பத்திரமா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.